ரயில்வேயை மேற்பார்த்த அதிகாரி ரயில்வே தலைவரானபோது: சாமுவேல் லெயிங்கும் பிரிட்டன் ரயில்வேயும்

பிரிட்டனில் 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசின் கைக்கு வந்தது. 2024இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மற்ற பயணிகள் ரயில் ஒப்பந்தங்களும் ஒவ்வொன்றாக அரசிடம் திரும்புகின்றன. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1948இலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: அப்போது தேசியமயம், 1990களில் தனியார்மயம், இப்போது மறுபடியும் அரசு. ஆனால் ரயில் பாதைகளை அரசு விலை கொடுத்து வாங்கலாம் என்ற விதி 1844லேயே பிரிட்டிஷ் சட்டத்தில் ஏறிவிட்டது. அது ஏன் வந்தது, ஏன் பயன்படாமல் கிடந்தது என்று புரிந்துகொள்ள ஒரு மனிதரின் பணி வாழ்க்கையைத் தொடர்ந்து போவது நல்ல வழி. அவர் பெயர் சாமுவேல் லெயிங். ரயில்வேயைக் கட்டுப்படுத்தும் அரசுத் துறையில் இருந்தவர். பிறகு ஒரு பெரிய ரயில் கம்பெனிக்கு இரண்டு முறை தலைவரானவர். நடுவில் இந்தியாவின் நிதிப் பொறுப்பையும் பார்த்தவர்.

அவரை "கட்சி மாறியவர்" என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியில்லை என்பது என் கருத்து. எந்தப் பாதையைப் போடக் கூடாது என்று சொல்வதுதான் லெயிங்கின் உண்மையான தொழில். அதை முதலில் அரசு மேசையிலிருந்து சொன்னார், யாரும் கேட்கவில்லை. இருபது ஆண்டு கழித்துக் கம்பெனி மேசையிலிருந்து சொன்னார். அப்போது கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கணிதத்திலிருந்து கோப்புக்கு

லெயிங் எடின்பரோவில் பிறந்தவர். குடும்பம் ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளைச் சேர்ந்தது. 1831இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் ராங்லர், அதாவது அந்த ஆண்டின் கணித மாணவர்களில் இரண்டாம் இடம். வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட பிறகு, வர்த்தக வாரியத்தின் தலைவர் ஹென்றி லபூஷேருக்குத் தனிச் செயலர் ஆனார். வர்த்தக வாரியம் என்பது பெயரில்தான் வாரியம். நடைமுறையில் அது அரசின் ஓர் அமைச்சகம். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் ஒரு ரயில்வே துறையை உருவாக்கியது. லெயிங் அந்தத் துறையின் செயலரானார்.

தொடக்கத்தில் துறைக்கு இருந்த அதிகாரம் மிகக் குறைவு. புதுப் பாதை திறப்பதற்கு முன் கம்பெனி முன்னறிவிப்பு தர வேண்டும். ராணுவப் பொறியாளர் ஒருவர் போய்ப் பார்ப்பார். ஆள் காயம்பட்ட விபத்துகளைத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில்லாத பாதையின் திறப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் 1842இல்தான் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலின் கட்டணம், நேரம், பெட்டி ஆகியவை கம்பெனியின் விருப்பம்.

ஒரு ரயில் பாதை பிறந்த விதம்

பிரிட்டனில் பாதைகளைத் திட்டமிட்டது அரசு அல்ல. ஒவ்வொரு பாதைக்கும் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வேண்டும். அதற்குக் காரணம் இரண்டு: வழியில் உள்ள நிலத்தை உடைமையாளர் மறுத்தாலும் வாங்கச் சட்ட பலம் தேவை, பங்குதாரர்களை ஒரே நிறுவனமாக்கி அவர்களுடைய பொறுப்புக்கு எல்லை கட்டவும் அப்போது வேறு எளிய வழி இல்லை. படிகள் இவை:

1. சில பெரிய மனிதர்கள் கூடி ஒரு விளம்பர அறிக்கை வெளியிடுவார்கள். பங்கு விலையில் சிறு பகுதியை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார்கள்.
2. சட்டம் கிடைக்குமுன்பே அந்தச் சீட்டு சந்தையில் கைமாறும். சூதாட்டம் நுழைந்த இடம் இதுதான். முழுப் பணமும் கட்ட வேண்டிய நாள் வருவதற்குள் விற்றுவிடலாம் என்றுதான் பலர் வாங்கினார்கள்.
3. அளவையாளர்கள் வரைந்த வரைபடத்தை நவம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும்.
4. நாடாளுமன்றக் குழு ஒன்று இரு தரப்பு வக்கீல்களையும் கேட்கும். போட்டிக் கம்பெனியும் நில உடைமையாளரும் எதிர்ப்பார்கள்.
5. சட்டம் நிறைவேறினால் நிலம் வாங்கி வேலை தொடங்கும்.

இந்த வரிசையில் "இந்த இரண்டு ஊருக்கும் இடையே ஏற்கெனவே பாதை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று நாட்டுக்காகக் கேட்கும் ஆள் எங்கும் இல்லை. ஒவ்வொரு குழுவும் தன் முன் வந்த மனுவை மட்டும் பார்த்தது.

மைலுக்கு ஒரு பென்னி

1841 டிசம்பர் 24 அதிகாலையில், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ரயில் ஒன்று சானிங் என்ற இடத்தில் மழையால் சரிந்து கிடந்த மண்ணில் மோதியது. அது சரக்கு ரயில். மூன்றாம் வகுப்புப் பயணிகள் பக்கத் தடுப்பு தாழ்வான திறந்த வண்டிகளில் என்ஜினை ஒட்டி அமர்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து சரக்கின் எடை நெருக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஏழைப் பயணியைக் கம்பெனிகள் எந்தக் கணக்கில் வைத்திருந்தன என்பதை இந்த விபத்து வெளிச்சம் போட்டுக் காட்டியது.

1844இல் கிளாட்ஸ்டன் வர்த்தக வாரியத் தலைவராக இருந்தபோது வந்த ரயில்வே சட்டத்துக்கு இது ஒரு பின்னணி. லெயிங் அந்த ஆண்டு உள்நாட்டு, வெளிநாட்டு ரயில்வேக்களை ஒப்பிட்டு அறிக்கை தந்தார்; நாடாளுமன்றக் குழு முன் சாட்சியமும் சொன்னார். மலிவு ரயில் யோசனை பெரும்பாலும் அவருடையது. புதுக் கம்பெனிகளும், புது அதிகாரம் கேட்டு வரும் பழைய கம்பெனிகளும் ஏற்க வேண்டிய நிபந்தனைகள்:

1. ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் இரு திசையிலும் குறைந்தது ஒரு ரயில்; எல்லா நிலையத்திலும் நிற்க வேண்டும்.
2. நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 12 மைலுக்குக் குறையாத வேகம்.
3. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார இருக்கையும் வெயில் மழைக்குத் தடுப்பும்.
4. கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் கூடாது.
5. 56 பவுண்டு (ஏறக்குறைய 25 கிலோ) சாமான் இலவசம்.
6. மூன்று வயதுக்குக் கீழ்க் குழந்தைக்குக் கட்டணம் இல்லை; 12 வயது வரை அரைக் கட்டணம். (நம் ஊர் அரை டிக்கெட்டுக்கும் மேல் எல்லை 12 வயதுதான்.)

லண்டனிலிருந்து பிரைட்டன் ஏறக்குறைய 50 மைல். பென்னிக் கணக்கில் 50 பென்னி, அதாவது 4 ஷில்லிங் 2 பென்னி (அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங்); நேரம் நான்கு மணிக்குச் சற்று மேல். நாடாளுமன்றம் விதித்த ரயில் என்பதால் மக்கள் இதைப் 'பார்லிமெண்டரி' என்றே அழைத்தார்கள்.

கட்டாயத்தோடு ஒரு சலுகையும் இருந்தது. பயணிகள் வருமானத்தில் 5 சதவீதம் அரசுக்கு வரி கட்ட வேண்டும். இந்த மலிவு ரயில் கட்டணத்துக்கு மட்டும் வரி இல்லை. இந்தச் சலுகையே பின்னால் தகராறானது. வேகமான ரயில்களிலும் பென்னிக் கட்டணம் வைத்துவிட்டு வரிவிலக்கு கேட்டன கம்பெனிகள். எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு மட்டுமே விலக்கு என்று 1876இல் தீர்ப்பு வந்தது. ரயில் வேகமாகப் போவதற்கு வரித் தண்டனை என்ற நிலை. 1883இன் மலிவு ரயில் சட்டம்தான் அதைச் சரிசெய்து, மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணம் எல்லாவற்றுக்கும் வரியை நீக்கியது.

அரசு வாங்கும் உரிமை

அந்த 1844 சட்டத்தின் முதல் பகுதியில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன விதி இருக்கிறது. 1844க்குப் பிறகு அனுமதி பெறும் பாதைக்கு 21 ஆண்டு முடிந்தபின்:

1. ஆண்டு லாபம் முதலீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அரசு கட்டணத்தை மாற்றி அமைக்கலாம்.
2. அல்லது பாதையையே வாங்கலாம். விலை, கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தைப் போல் 25 மடங்கு. சராசரி லாபம் 1,00,000 பவுண்டு என்றால் விலை 25 லட்சம் பவுண்டு.
3. லாபம் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால், எதிர்கால வளர்ச்சியையும் சேர்த்து மதிப்பிடும்படி கம்பெனி நடுவரிடம் போகலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள். 1844க்கு முன்பே அனுமதி பெற்ற 2,000 மைலுக்கும் மேற்பட்ட பாதைகள் விதிக்கு வெளியே. அவைதான் நாட்டின் முதுகெலும்புப் பாதைகள். தலையை விட்டுவிட்டு வாலை வாங்கி ரயில்வே நடத்த முடியாது. இரண்டாவது, 10 சதவீத லாபம் என்பது பின்னால் பெரும்பாலான கம்பெனிகளுக்கு எட்டாக் கனியானது. 21 ஆண்டு முடிந்த 1865இல் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. 1867இல் அது வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 1948 தேசியமயம் வேறு சட்டத்தின் கீழ் வந்தது.

ஐந்து ராஜாக்கள்

1844 ஆகஸ்டில் வர்த்தக வாரியத்துக்குள் ஒரு ரயில்வே வாரியம் அமைந்தது. தலைமை டல்ஹௌசி பிரபு. உறுப்பினர்கள் ஜெனரல் பேஸ்லி, புள்ளிவிவர அறிஞர் ஜி. ஆர். போர்ட்டர், டொனேட்டஸ் ஓ'பிரையன், லெயிங். பத்திரிகைகள் இவர்களை 'ஐந்து ராஜாக்கள்' என்றன. முக்கிய அறிக்கைகளை எழுதியது லெயிங்.

அவர்கள் செய்தது நாட்டுக்குத் தேவையான வேலை. ஒரு வட்டாரத்துக்கு வந்த எல்லா மனுக்களையும் ஒன்றாக மேசையில் பரப்பி, எது தேவை, எது வெறும் நகல், எது போட்டிக் கம்பெனியை மிரட்டிப் பணம் கறக்கப் போடப்படும் பாதை என்று பிரித்தார்கள். ஆனால் ஓராண்டுக்குள் வாரியம் கலைக்கப்பட்டது. காரணங்கள்:

1. அவர்கள் சொன்னது ஆலோசனை மட்டுமே. நாடாளுமன்றக் குழு அதைத் தள்ளிவிடலாம்.
2. முடிவை அரசிதழில் முதலில் வெளியிட்டார்கள், காரண அறிக்கை பின்னால் வந்தது. இடைப்பட்ட நாட்களில் பங்கு விலை துள்ளியது. உள்ளிருந்து செய்தி கசிகிறது என்ற சந்தேகம் கிளம்பியது. இது தவிர்த்திருக்கக்கூடிய பிழை.
3. பிரதமர் ராபர்ட் பீல் அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை.

ஒரு மாதிரி: ஆக்ஸ்போர்டு–வூஸ்டர்–உல்வர்ஹாம்ப்டன் பாதையை வாரியம் பரிந்துரைக்கவில்லை. நாடாளுமன்றம் 1845இல் அதற்கு அனுமதி கொடுத்தது. அந்தக் கம்பெனி பணமுடையில் தத்தளித்து, அதன் மூன்று எழுத்துச் சுருக்கமான OWW-ஐ வைத்து 'பழையது, மோசம், இன்னும் மோசம்' (Old, Worse and Worse) என்று மக்கள் பரிகசிக்கும் நிலைக்கு வந்தது.

வாரியம் போனபின் தடுப்பணையும் போனது. 1845 நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. வரைபடம் ஒப்படைக்கக் கடைசி நாள். குதிரை வண்டியிலும் சிறப்பு ரயிலிலும் நள்ளிரவு வரை ஆட்கள் வர்த்தக வாரிய வாசலில் வந்து குவிந்தார்கள். 1846இல் மட்டும் 272 ரயில்வே சட்டங்கள், 9,500 மைல் அளவுக்குப் பாதை. இந்த வெறியில் அனுமதி பெற்றவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டப்படவே இல்லை. தங்கள் பரிந்துரையை ஏற்றிருந்தால் இந்த நெருக்கடி வந்திருக்காது என்று லெயிங் பின்னாளில் நம்பினார். முழுக்க வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பணம் மலிவாக இருந்த காலம் அது. ஆனால் வீணான பாதைகளில் பாதியாவது மேசையிலேயே நின்றிருக்கும்.

டல்ஹௌசி இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1848இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தவர், 1853 ஏப்ரல் 20 தேதியிட்ட தன் ரயில்வே குறிப்பில், முக்கியத் தடங்களை அரசு தீர்மானிக்கும், கம்பெனிகள் கட்டும், அரசு மேற்பார்க்கும் என்ற அமைப்பை வற்புறுத்தினார். லண்டனில் தோற்ற யோசனை கல்கத்தாவில் வென்றது.

நாற்காலி மாறிய ஆண்டு

வாரியம் கலைந்ததும் லெயிங் அரசுப் பணியை விட்டு வக்கீல் தொழிலுக்குப் போனார். 1848இல் லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் பொறுப்பேற்றார். இந்தக் கம்பெனிக்கு அப்போது இரண்டு வயது. 1846 ஜூலையில் பல சிறு கம்பெனிகள் சேர்ந்து உருவானது.

அதன் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். லண்டன் உச்சியாகவும் தென்கடற்கரை அடியாகவும் அமைந்த முக்கோணம் அதன் எல்லை. அந்த முக்கோணத்துக்குள் நிலக்கரிச் சுரங்கமோ பெரிய ஆலைகளோ இல்லை. வடக்கே உள்ள கம்பெனிகளைத் தாங்கியது சரக்கு. இதைத் தாங்க வேண்டியது பயணி. பயணி பருவத்தையும் வானிலையையும் பார்த்து வருகிறவர்.

இன்னொரு தலைவலி நாடாளுமன்றமே உண்டாக்கியது. கிராய்டன்–ரெட்ஹில் இடையே பிரைட்டன் கம்பெனியும் தென்கிழக்கு ரயில்வேயும் ஒரே பாதையைப் பகிர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒரு பாதியை ஒருவரும் மறு பாதியை மற்றவரும் வைத்திருந்தார்கள். யார் ரயில் முதலில் போவது என்பது அரை நூற்றாண்டுச் சண்டை. 1899–1900இல் குவாரி பாதை என்ற மாற்று வழி போட்ட பிறகுதான் ஓய்ந்தது. தடத்தைச் சேமித்தவர்கள் கால அட்டவணையை யார் தீர்மானிப்பது என்று எழுதி வைக்கவில்லை. லெயிங் பொறுப்பேற்ற ஆண்டிலேயே இரு கம்பெனிகளும் சமரசத்துக்கு வந்து, லண்டன்–ஹேஸ்டிங்ஸ் வசூலைப் பொதுவில் போட்டுப் பிரித்துக்கொண்டன.

அடுத்து பயணி எண்ணிக்கை. இங்கேதான் பென்னிக் கணக்கு கம்பெனிக்கு உள்ளிருந்து புரிகிறது. ஓர் எடுத்துக்காட்டு: மைலுக்கு 2 பென்னி வீதம் 40 பேர் ஏறினால் ரயிலுக்கு மைலுக்கு 80 பென்னி, 1 பென்னி வீதம் 120 பேர் ஏறினால் 120 பென்னி. என்ஜின், ஓட்டுநர், கொடி காட்டுபவர் எல்லாம் அதேதான். கூடுவது சில பெட்டிகளும் கொஞ்சம் கரியும். லெயிங் காலத்தில் ஐந்து ஆண்டுகளில் பயணிகள் போக்குவரத்து ஏறக்குறைய இரு மடங்கானது.

கண்ணாடி மாளிகை

1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சி முடிந்ததும், அதற்காக ஹைட் பார்க்கில் கட்டிய கிரிஸ்டல் பேலஸை, அதாவது கண்ணாடி மாளிகையை, 70,000 பவுண்டுக்கு ஒரு குழு வாங்கியது. தலைமை லெயிங். அதைக் கம்பெனியின் பாதையை ஒட்டிய சிடனம் குன்றுக்கு மாற்றினார்கள். நிலம் ரயில்வே இயக்குநர் லியோ ஷுஸ்டருடையது. 1854 ஜூன் 10 அன்று விக்டோரியா அரசி திறந்துவைத்தார். அதே நாள் கிளைப் பாதையும் திறந்தது.

ரயில் நடத்துகிறவர் பார்வையில் யோசனை அருமையானது. காலையில் ஊழியர்களை லண்டனுக்குக் கொண்டுவிடும் பெட்டிகள் காலியாகத் திரும்பும். மாளிகை பார்க்கப் போகிறவர்கள் அந்தத் திசையை நிரப்புவார்கள். ஆனால் மாளிகைக் கம்பெனியின் கணக்கு வேறு. 5,00,000 பவுண்டு மூலதனத்தில் திட்டமிட்டது 13 லட்சத்தைத் தொட்டது. உழைப்பாளிக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். மதக் கட்டுப்பாட்டால் ஞாயிறன்று மாளிகை மூடல். ரயில்வே சம்பாதித்தது, மாளிகை நஷ்டப்பட்டது. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே என்பதும், நிலம் விற்றவர் சக இயக்குநர் என்பதும் இன்று எந்த நிறுவனச் சட்டத்திலும் கேள்விக்கு உள்ளாகும். லெயிங்கின் வாழ்க்கையில் குறை சொல்ல வேண்டிய இடம் இதுதான். 1855இல் இரு பதவிகளிலிருந்தும் விலகினார்.

கல்கத்தாவில் ஒரு இடைவேளை

1852 முதல் லெயிங் நாடாளுமன்ற உறுப்பினர். 1859இல் கிளாட்ஸ்டனின் கீழ் கருவூலத்தில் நிதிச் செயலர். இந்தியாவில் வருமான வரி கொண்டுவந்த ஜேம்ஸ் வில்சன் 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்ததும், அந்த இடத்துக்கு லெயிங்கை அனுப்பினார்கள். 1862 வரை இருந்தார்.

அங்கே அவர் ரயில்வேயை மூன்றாவது கோணத்தில் பார்த்தார்: பணம் கட்டுகிறவராக. இந்திய ரயில் கம்பெனிகளுக்கு நிலம் இலவசம். முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். கம்பெனி அதைவிடக் குறைவாகச் சம்பாதித்தால் மீதியை இந்தியக் கஜானா தர வேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓட்டிய மதராஸ் ரயில்வேயும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். இங்கேயும் 25 அல்லது 50 ஆண்டில் அரசு வாங்கலாம் என்ற விதி உண்டு. ஆனால் விலை லாபத்தை வைத்து அல்ல, மூன்று ஆண்டுப் பங்கு விலையின் சராசரியை வைத்து. சந்தை வட்டி 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், உத்தரவாதம் பெற்ற பங்கின் விலை தானே ஏறும். அரசு தான் கொடுத்த உத்தரவாதத்தால் ஏறிய விலையைத் தானே கொடுத்து வாங்க வேண்டும். 1844 விதியில் இந்தக் கோளாறு இல்லை.

1866: கதவடைத்த வங்கியும் நின்ற பாதைகளும்

லெயிங் இல்லாத ஆண்டுகளில் பிரைட்டன் கம்பெனி வேகமாக விரிந்தது. அந்தக் காலத்தின் நோய் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானது. அதன் உள்ளமைப்பு:

1. ரயில்வேக்கு இரண்டு கணக்குகள். பாதை போடும் செலவு மூலதனக் கணக்கில். கரி, கூலி, பழுது ஆகியவை நடப்புக் கணக்கில். தேய்ந்த தண்டவாளத்தை மாற்றும் செலவை மூலதனத்தில் எழுதிவிட்டால் லாபம் கூடியதாகத் தெரியும். அதிலிருந்து பங்காதாயம் கொடுக்கலாம். உண்மையில் அது கடன் வாங்கிக் கொடுக்கும் பணம்.
2. பல பாதைகளை ஒப்பந்தக்காரர்களே தூண்டிவிட்டார்கள். கூலியைப் பங்காகவும் பத்திரமாகவும் வாங்கி, அதை அடகு வைத்து அடுத்த வேலை செய்தார்கள்.
3. கடன் பத்திரங்கள் மூன்று முதல் ஏழு ஆண்டுத் தவணை. பாதை நூறு ஆண்டு நிற்கும்; அதைப் போட்ட கடனோ சில ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

1866 மே 10 அன்று லண்டனின் பெரிய வங்கி நிறுவனமான ஓவரெண்ட் கர்னி கதவடைத்தது. இங்கிலாந்து வங்கியின் வட்டி 10 சதவீதத்துக்கு ஏறி மூன்று மாதம் அங்கேயே நின்றது. பத்திரத்தைப் புதுப்பிக்க யாரும் வரவில்லை. பெரிய ஒப்பந்தக்காரர் பீட்டோவின் நிறுவனம் விழுந்தது. லண்டன், சாத்தம் அண்ட் டோவர் ரயில்வே திவாலானது. பிரைட்டன் கம்பெனி விளிம்பில் நின்றது. 1867இல் பழைய நிர்வாகம் போனது. லெயிங்கைத் திரும்ப அழைத்தார்கள்.

அவர் முதலில் செய்தது நிறுத்துவது. ஹேவர்ட்ஸ் ஹீத் அருகிலிருந்து கிழக்கே போட ஆரம்பித்த ஊஸ் பள்ளத்தாக்குப் பாதை கைவிடப்பட்டது. கரை கட்டிய மண் மேடுகள் இன்றும் வயல்களுக்கு நடுவே தெரிகின்றன. கிராய்டனிலிருந்து ஆக்ஸ்டட் வழியாகத் தெற்கே போகவிருந்த சரே அண்ட் சசெக்ஸ் பாதை வேலையும் நின்றது. கொட்டிய பணம் போனது போகட்டும், இனிக் கொட்டாதே என்று சொல்வதற்குத் தலைவருக்கு நெஞ்சுரம் வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பது அந்தப் பணத்தைப் போட்ட பங்குதாரர்.

நாடாளுமன்றமும் விழித்தது. தணிக்கையாளர் சான்று தராமல் பங்காதாயம் அறிவிக்கக் கூடாது, கடன்காரர்கள் ஓடும் என்ஜினையும் பெட்டியையும் ஜப்தி செய்ய முடியாது என்று 1867இல் சட்டம் வந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1868 சட்டம்.

அதன்பின் 27 ஆண்டுகள், 1894 வரை லெயிங்தான் தலைவர். அந்தக் காலத்தில் கம்பெனி புது மைல்களைவிட இருக்கும் மைல்களில் கவனம் வைத்தது. 1870இல் வில்லியம் ஸ்ட்ரவுட்லி என்ஜின் பிரிவுக்கு வந்தார். புறநகர் வேலைக்கென்று சிறிய, சிக்கனமான 'டெரியர்' என்ஜின்கள் 1872 முதல் வந்தன. வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்கை 1870களின் பிற்பகுதியிலேயே ஏற்றுக்கொண்டார்கள். அயர்லாந்தின் ஆர்மா விபத்துக்குப் பிறகு, 1889இல்தான் தானியங்கித் தொடர் பிரேக் (ரயிலின் எல்லாப் பெட்டிகளிலும் தானே பிடிக்கும் பிரேக்) சட்டப்படி கட்டாயமானது. 1882இல் கட்டிய 214ஆம் எண் என்ஜினுக்குப் பெயர் 'கிளாட்ஸ்டன்'. இன்று யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லெயிங் 1897 ஆகஸ்ட் 6 அன்று சிடனம் குன்றில், கண்ணாடி மாளிகையின் அருகிலிருந்த தன் வீட்டில் இறந்தார். அவர் நிறுத்திய ஆக்ஸ்டட் பாதை அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே, 1884 மார்ச்சில் ஓட ஆரம்பித்திருந்தது. அதைப் பிரைட்டன் கம்பெனி தனியாகப் போடவில்லை. தெற்கு கிராய்டனிலிருந்து ஆக்ஸ்டட் தாண்டிக் குரோஹர்ஸ்ட் சந்திப்பு வரை அது தென்கிழக்கு ரயில்வேயோடு கூட்டாக வைத்துக்கொண்ட பாதை. அதில் இன்றும் ரயில் ஓடுகிறது.